திராய்ப் போரின் பழியும் திருவிடைமருதூர் வாயிலும்

காவிரியின் தென்கரையில், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில் அமைந்தது திருவிடைமருதூர். அங்குள்ள மகாலிங்கப் பெருமான் கோயிலுக்கு வழிபடச் செல்வோர் நெடுங்காலமாக ஒரு வழக்கத்தைப் போற்றி வருகின்றனர். கிழக்கு வாயில் வழியாகப் புகுந்தோர் அவ்வாயில் வழியாகத் திரும்புவதில்லை. வேறு வாயில் வழியாகவே வெளியேறுவர். காரணம் வினவின், "கிழக்கு வாயிலில் பிரமகத்தி காத்துக்கொண்டிருக்கின்றது" என்பர். வரகுண பாண்டியனைப் பற்றிய கொலைப்பழி அவனைத் தொடர்ந்து வந்து அவ்வாயிலில் நின்றுவிட்டது என்பதும், அவன் மேலை வாயில் வழியே போய் உய்ந்தான் என்பதும் தலத்தின் கதை.

கொலைப்பழி ஓர் உருவெடுத்துக் கொன்றவனைத் துரத்துவதும், ஓர் ஊரின் எல்லையில் அது தடைப்பட்டு நிற்பதும், பின்னர் அவ்வூரிலேயே அதற்கு ஓர் இடம் அமைந்துவிடுவதும் தமிழ்நாட்டிற்கே உரிய செய்திகள் அல்ல. கிரேக்க நாட்டுத் திராய்ப் போர்க் கதையின் இறுதிப் பகுதியும் இவ்வாறே முடிகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதலும், அந்நோக்கினால் நம் புராணக் கதையைப் பற்றி நாம் அறிந்துகொள்ளத்தக்கது யாது எனக் காண்டலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒப்பீட்டின் எல்லை

கிரேக்கக் காவியத்தையும் தமிழ் இலக்கியத்தையும் ஒப்பிடும் முயற்சி நமக்குப் புதியதன்று. வ. வே. சு. ஐயர் கம்பனை ஓமரோடும் வர்சிலோடும் மில்டனோடும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். இலங்கை அறிஞர் க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலில், சங்கப் பாடல்களை ஓமரின் பாடல்களுக்குரிய வாய்மொழி மரபோடு சார்த்தி நோக்கினார். முன்னவர் காவியத்தின் உயர்வை அளந்தார். பின்னவர் காவியத்தைத் தோற்றுவித்த சமுதாயத்தை அளந்தார். ஆயினும் இருவரும் போரையும் வீரத்தையுமே நடுவாகக் கொண்டனர். போர் முடிந்தபின் எஞ்சும் பழி என்னும் பொருள் அவர்தம் ஆய்வில் முதன்மை பெறவில்லை. தலபுராணங்களும் திருவிளையாடற் கதைகளும் இவ்வகை ஒப்பீட்டிற்குரியனவாக இன்னும் போதிய அளவு கருதப்படவில்லை.

ஒப்புமை கண்டவிடத்தெல்லாம் கடன்பேறு காண்பாரும் உளர். யவனர் நம் துறைமுகங்களில் தங்கினர் என்பதற்குச் சங்க நூல்களே சான்று. இந்தியர் ஓமரின் பாடலைத் தம் மொழியில் பாடுகின்றனர் எனத் தியோன் கிரிசோத்தோம் என்னும் கிரேக்கப் பேச்சாளர் கூறியதும் உண்மையே. எனினும் அவர் கேள்வியுற்றது பாரதக் கதையாக இருத்தல் கூடும் என்பதே அறிஞர் பலர் கருத்து. காந்தார நாட்டுச் சிற்பம் ஒன்று திராய்க் குதிரையைக் காட்டுவதாகக் கொள்ளப்படுகின்றது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க வந்த பொறியானையும், வயிற்றுள் வீரரை ஒளித்த மரக்குதிரையும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன. இவையெல்லாம் கருதத்தக்கனவேயாயினும், வரகுணன் கதை கிரேக்கக் கதையினின்று வந்தது எனத் துணிவதற்கு இவற்றுள் ஒன்றும் சான்றாகாது. ஆதலின் ஈண்டு நாம் மேற்கொள்வது தோற்ற ஆராய்ச்சியன்று, அமைப்பு ஆராய்ச்சியே. ஒரே வினாவிற்கு இரு நாட்டார் தனித்தனியே கண்ட விடைகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே நம் வினா.

2. திராயினின்று ஏதென்சு வரை

திராய்ப் போரைப் பாடிய இலியாத்து, எக்தரின் ஈமக்கடனோடு முடிந்துவிடுகின்றது. நகரம் வீழ்ந்ததனை அது பாடவில்லை. போருக்குப் புறப்படுமுன் கிரேக்கத் தலைவன் அகமெம்னன் தன் மகள் இபிசினியாவைப் பலியிட்ட செய்தியையும் அது கூறவில்லை. வெற்றியோடு மீண்ட அகமெம்னன் தன் வீட்டிலேயே கொலையுண்டான். அவன் மகன் ஒரெசுத்தசு தந்தைக்காகப் பழிவாங்கினான். ஒடிசியில் இச்செய்தி பன்முறை சுட்டப்படுகின்றது. ஆனால் அங்கு ஒரெசுத்தசு புகழுக்குரிய இளைஞன். தெலமாக்கசுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவன். அவனைப் பழித் தெய்வங்கள் துரத்தியதாக ஓமர் ஓரிடத்தும் கூறவில்லை.

அப்பழியைக் கதையின் நடுவிடத்திற்குக் கொணர்ந்து நிறுத்தியவர் ஈசுக்கிலசு என்னும் நாடகப் புலவர். கி. மு. 458-இல் ஏதென்சு நகரில் அரங்கேறிய அவருடைய மூன்று தொடர் நாடகங்கள் இக்கதையை முழுமையாகக் கூறுகின்றன. முதல் நாடகத்தில் மகளைப் பலியிட்ட கணவனை மனைவி கிளைதெம்னெசுத்திரா கொல்கின்றாள். இரண்டாவதில் ஒரெசுத்தசு தாயைக் கொல்கின்றான். மூன்றாவதில் எரினியர் என்னும் பழித் தெய்வங்கள் அவனைத் துரத்துகின்றன. அப்பல்லோவின் ஆணையாலேயே அவன் கொன்றான். தெல்பியில் அத்தெய்வமே அவனுக்குத் தூய்மைச் சடங்கும் செய்தது. ஆயினும் எரினியர் நீங்கவில்லை. அப்பல்லோ அவனை ஏதென்சுக்கு அனுப்புகின்றான். அங்கே அதீனா தேவி குடிமக்களைக் கொண்டு ஓர் அறமன்றம் அமைக்கின்றாள். வாக்குகள் இருபுறமும் ஒத்து நிற்க, தேவியின் வாக்கால் ஒரெசுத்தசு விடுதலை பெறுகின்றான். சினங்கொண்ட எரினியரை அதீனா இன்சொல்லால் தணித்து, அந்நகரிலேயே நிலத்தின்கீழ் உறையும் தெய்வங்களாக இருத்துகின்றாள். துரத்தியவை காக்கும் தெய்வங்களாக மாறுகின்றன.

இதன் செல்வாக்கு அந்நூற்றாண்டோடு நின்றதன்று. உள்நாட்டுப் போருக்குப் பின்னைய அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் இக்கதையை அமைத்து யூசீன் ஓநீல் 1931-இல் நாடகம் இயற்றினார். பிரான்சு நாடு செருமானியர் பிடியிலிருந்த 1943-இல், சார்த்தர் இதனையே பொருளாகக் கொண்டு ஒரு நாடகத்தை அரங்கேற்றினார். ஒவ்வொரு போருக்குப் பின்னும் 'இப்பழி யாரைச் சாரும்?' என்னும் வினா எழுந்தவிடத்து இக்கதை மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டது. போர்க்களப் பகுதியினும் போருக்குப் பிற்பட்ட இப்பகுதியே நாடக மேடையில் ஆழமாக வேரூன்றியது எனலாம்.

3. வரகுணன் கதையின் இரு நிலைகள்

இனித் திருவிடைமருதூருக்கு வருவோம். பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தின் 40-ஆம் படலம் வரகுணனுக்குச் சிவலோகம் காட்டியதனைக் கூறுவது. வேட்டைமேற் சென்று இரவில் மீண்ட வரகுணனின் குதிரை, வழியிற் கிடந்துறங்கிய அந்தணன் ஒருவனை மிதித்துக் கொன்றுவிட்டது. அரசன் அதனை அறிந்திலன். எனினும் பிரமகத்தி அவனைப் பற்றிக்கொண்டது. கழுவாய்கள் பல செய்தும் அது நீங்கவில்லை. மதுரைப் பெருமானை அடைந்து முறையிட்டபோது, "சோழன் உன்மேற் போருக்கு வருவான், அவன் புறங்கொடுத்து ஓடுவான், அவனைத் தொடர்ந்து செல்லும் நீ திருவிடைமருதூரை அடைவாய், அங்கு இப்பழி தீர்ப்போம்" என்னும் பொருள்பட ஆணை பிறந்தது. அவ்வாறே போர் நிகழ்ந்தது. அரசன் கிழக்கு வாயில் வழியே கோயிலுட் புகுந்தான். பிரமகத்தி வாயிலிலேயே நின்றது. இறைவன் ஆணைப்படி அவன் மேலை வாயில் வழியே வெளிப்போந்து மதுரை மீண்டான்.

இதனோடு ஒப்பிடுதற்குரிய பழைய நூல் ஒன்று பதினொராந் திருமுறையில் உள்ளது. அது பட்டினத்தடிகள் பாடிய திருவிடைமருதூர் மும்மணிக்கோவை. அடிகள் அந்நூலில் வரகுணதேவரின் அன்புச் செயல்களை ஒரு பட்டியலாகவே தந்துள்ளார். திருநீறு கண்டு கள்வனைக் கட்டவிழ்த்து விடுத்தமை, நரியின் ஊளையை அரன் பாட்டெனக் கொண்டு ஆடை அளித்தமை, தவளை அரற்றக் கேட்டு இறைவனை ஏத்தினவெனப் பொன் தூவியமை, மருதூர் எல்லையிற் கிடந்த ஒரு தலையை வணங்கித் தம் தலையும் அங்ஙனம் கிடத்தல் வேண்டுமென இரந்தமை ஆகியன அங்குக் கூறப்படுகின்றன. ஆயின் குதிரை மிதித்த அந்தணன் இல்லை, பிரமகத்தி இல்லை, இரு வாயில்கள் பற்றிய குறிப்பும் இல்லை. மருதூர்ப் பெருமானையே பாடும் நூல், மருதூரில் தீர்ந்த பழியைக் கூறாது விட்டது கருதத்தக்கது.

ஒரு நூல் ஒரு செய்தியைக் கூறாமையினாலேயே அச்செய்தி அக்காலத்து இல்லை எனத் துணிதல் கூடாது என்பதனை நாம் மறக்கவில்லை. எனினும் ஒன்று தெளிவு. பட்டினத்தடிகளின் வரகுணன் பழியுடைய அரசன் அல்லன்; அன்பின் மிகுதியால் உலகியல் வரம்பு கடந்த தொண்டன். பரஞ்சோதியாரின் வரகுணனும் அன்பனே, ஆயினும் கதையை நடத்திச் செல்வது அவன் அன்பு அன்று, அவன் பழியே. இம்மாற்றம் ஒடிசியின் ஒரெசுத்தசுக்கும் ஈசுக்கிலசின் ஒரெசுத்தசுக்கும் இடையேயுள்ள மாற்றத்தை ஒத்திருக்கின்றது. இரு மரபுகளிலும் முந்தைய நூல் புகழ்ந்த ஒருவனையே பிந்தைய நூல் பழி துரத்தக் காட்டுகின்றது. புகழ்பெற்றவன் மீது பழி ஏற்றுதல் அவனை இழித்தற்கன்று; 'புகழுடையானுக்கும் பழி நேரின் அதனைத் தீர்ப்பது யாது?' என வினவுதற்பொருட்டேயாம்.

4. ஒப்புமை

இரு கதைகளின் அமைப்பும் நான்கு இடங்களில் ஒத்துச் செல்கின்றது. முதலாவது, வழக்கமான சடங்கு பயன்படாமை. தெல்பியின் தூய்மைச் சடங்கும் எரினியரை நீக்கவில்லை. மதுரையிற் செய்த கழுவாயும் பிரமகத்தியை நீக்கவில்லை. இரண்டாவது, ஓரிடத்துத் தெய்வம் மற்றோரிடத்திற்கு அனுப்புதல். தெல்பியினின்று ஏதென்சுக்கு ஒருவன். மதுரையினின்று மருதூருக்கு ஒருவன். மூன்றாவது, செயலுக்கும் பழிக்கும் இடையே முழுப் பொருத்தம் இல்லாமை. ஒருவன் தெய்வ ஆணையாற் கொன்றவன். மற்றவன் அறியாது கொன்றவன். நான்காவது, துரத்தி வந்த பழி அழிக்கப்படாமை. எரினியர் ஏதென்சில் தங்கினர். பிரமகத்தி மருதூர் வாயிலில் தங்கியது.

ஒரெசுத்தசின் கதையிலுள்ள ஏனைய கூறுகளும் திருவிளையாடற் புராணத்தில் இல்லாமற் போகவில்லை. அவை வேறு படலங்களிற் பிரிந்து கிடக்கின்றன. 25-ஆம் படலமாகிய பழியஞ்சின படலத்தில் ஒரு கொலை வழக்கு மன்றத்திற்கு வருகின்றது. ஆலமரத்திற் சிக்கியிருந்த அம்பு வீழ்ந்து அந்தணன் மனைவி இறந்தாளாக, அருகிலிருந்த வேடன்மேற் குற்றஞ் சாட்டப்பட, தவறான தீர்ப்புக்கு அஞ்சிய பாண்டியன் உண்மை காணும்வரை தீர்ப்பை நிறுத்துகின்றான். 26-ஆம் படலமாகிய மாபாதகம் தீர்த்த படலத்தில் தந்தையைக் கொன்ற மகனையே பிரமகத்தி துரத்துகின்றது. வழக்கும், பெற்றோரைக் கொன்ற குற்றமும், வாயிலில் நிற்கும் பழியும் கிரேக்க நாடகத்தில் ஒருவன் வாழ்வில் ஒன்று சேர்ந்தன. நம் புராணத்தில் மூன்று படலங்களில் மூவர் வாழ்வில் நிகழ்கின்றன. இதனால், இப்பொருளைப் புராணப் புலவர் ஒருமுறை மட்டும் எண்ணியவர் அல்லர் என்பது புலனாகும்.

5. வேற்றுமை

ஒப்புமையினும் வேற்றுமையே நமக்குப் பெரிதும் பயன் தருவது.

ஈசுக்கிலசின் நாடகத்தில் இறந்தவளுக்குக் குரல் உண்டு. கிளைதெம்னெசுத்திராவின் ஆவி வந்து, உறங்கும் எரினியரை எழுப்புகின்றது. எரினியர் மன்றத்தில் நின்று அவள் பொருட்டு வழக்குரைக்கின்றனர். தீர்ப்பு அவர்களுக்கு எதிராயினும் அவர்கள் வழக்கு முழுமையாகக் கேட்கப்படுகின்றது. வரகுணன் கதையில் இறந்த அந்தணன் பேசுவதில்லை. பிரமகத்தி அரசனைத் தொடர்கின்றது. ஆனால் எவர் முன்னும் வழக்குரைப்பதில்லை. வழக்கே இல்லாதவிடத்துத் தீர்ப்பும் இல்லை; அருள் மட்டுமே உண்டு.

இதனைத் தமிழ் மரபின் குறை என்று கூறுதல் பொருந்தாது. இறந்தார் பொருட்டு மன்றேறி வழக்குரைக்கும் குரல் நமக்கு நன்கு பழகியது. கண்ணகி பாண்டியன் அவையில் நின்று கேட்டாள். கேட்ட அரசன் தன் உயிரையே விடையாகத் தந்தான். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுச்சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அவ்விரு கதைகளிலும் அரசன் தன் பழிக்குத் தானே விலை கொடுக்கின்றான். தேர்க்காற் பட்ட கன்றும் குதிரைக் குளம்பிற் பட்ட அந்தணனும் ஏறத்தாழ ஒரே வகை நிகழ்ச்சிகள். இருந்தும் ஆரூரில் மகனுயிரும், மதுரையில் மன்னனுயிரும் விலையாக, மருதூரில் மட்டும் அரசன் ஒரு வாயில் புகுந்து மறுவாயில் போந்து விடுதலை பெறுகின்றான். புராணப் புலவர் அறத்தை மறந்தார் என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முறை செய்யும் அரசனைப் பாடுவது அவர் நோக்கமன்று. அடைக்கலம் புகுந்தாரைக் காக்கும் இறைவனைப் பாடுவதே அவர் நோக்கம். ஏனையோர் எவரும் காவாத ஒருவனைக் காத்தலே காத்தலாகும் என்னும் கருத்து மாபாதகம் தீர்த்த படலத்தின் உயிராக உள்ளது. அதே கருத்தே இங்கும் நின்று இயக்குகின்றது.

மற்றொரு வேற்றுமை வரலாற்று நோக்கில் எழுவது. ஈசுக்கிலசின் நாடகத்திற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், கி. மு. 462-இல், ஏதென்சின் பழைய அறமன்றத்தின் அதிகாரங்கள் பெரிதும் குறைக்கப்பட்டன. கொலை வழக்குகளை விசாரிக்கும் உரிமை அதற்கு எஞ்சியது. அம்மன்றத்தின் தோற்றத்தையே நாடகம் காட்டியது. கைலாசபதியின் ஆசிரியரான சார்ச்சு தாம்சன், 1941-இல் ஈசுக்கிலசைப் பற்றி எழுதிய நூலில், குலங்களின் பழிவாங்கல் முறை அழிந்து நகர அரசின் சட்டமுறை தோன்றியதனை இந்நாடகம் காட்டுவதாக விளக்கினார். மருதூர்க் கதையின் பின்னணியில் நிற்பது மன்றமன்று. இரு பேரரசுகளின் பகை. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரகுணன் என்னும் பெயருடைய பாண்டியன் ஒருவன் காவிரி நாட்டிற் படையெடுத்து வந்து, கும்பகோணத்திற்கு அணித்தாயுள்ள திருப்புறம்பியத்தில் பல்லவ, கங்க, சோழப் படைகளோடு பொருது தோல்வியுற்றான் என்பது வரலாறு. புராணத்தில் தோற்றோடுபவன் சோழன், பாண்டியன் வெல்கின்றான். படையெடுப்பு தலயாத்திரையாக மாறுகின்றது. புராண வரகுணன் இவ்வரசனேயோ, அவனுக்கு முற்பட்ட மற்றொரு வரகுணனோ என்பதில் அறிஞர் வேறுபடுவராதலின், இதற்குமேல் துணிந்து கூறுதல் முறையன்று. எனினும் போர் இறைவன் அருளுக்குக் கருவியாகக் காட்டப்படுகின்றது என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தே ஒரு வினா எழுகின்றது. அப்போரில் மாண்ட சோழ வீரரின் பழி யாரைத் துரத்தியது? புராணம் அதனை வினவவில்லை. அறியாது நேர்ந்த ஓர் அந்தணனின் இறப்புத் தொடர்கின்றது. அறிந்து நிகழ்த்திய பல வீரரின் இறப்புத் தொடரவில்லை. பழியின் அளவு இறந்தவனின் வருணத்தைச் சார்ந்து அமைந்தமையே இதற்குக் காரணம். கிரேக்க நாடகமும் இக்குறையினின்று முற்றும் நீங்கியதன்று. போரிலிருந்து உடல்களுக்கு மாறாகச் சாம்பற்கலங்கள் வீடு திரும்பிய துயரை முதல் நாடகத்தின் முதியோர் குழு கூறுகின்றது. ஆயினும் அவர் பொருட்டு எரினியர் எழவில்லை. குருதியுறவு அங்கு எல்லையாயிற்று. வருணம் இங்கு எல்லையாயிற்று. அவ்வெல்லைகளைக் காணாது இரண்டையும் புகழ்வது ஆராய்ச்சியாகாது.

6. வாயிலில் நிற்பது

இறுதியாக, பழி தங்கும் இடத்தை நோக்குவோம். ஏதென்சில் எரினியர் பெயரும் பண்பும் மாறி, நகரத்தார் புடைசூழத் தீவட்டி ஒளியில் தம் உறைவிடம் சேர்கின்றனர். அச்சந் தருவது அருள் தருவதாயிற்று. இது நாடகத்திற்குச் சிறந்த முடிவு. ஆயின் இதனால் கொலையின் நினைவு மங்கலத்துள் மறைந்துவிடுகின்றது.

மருதூரில் அங்ஙனம் நிகழவில்லை. பிரமகத்திக்குப் புதுப்பெயர் இல்லை. அது தணிந்ததாகவும் புராணம் கூறவில்லை. கிழக்கு வாயிலிலுள்ள உருவத்தை மக்கள் இன்றும் 'சோழப் பிரமகத்தி' என்றே வழங்குகின்றனர். பாண்டியன் விட்டுச் சென்ற பழி சோழ நாட்டார் வழக்கில் சோழன் பெயரைப் பெற்றுள்ளது. புராணத்தின் பாண்டியச் சார்பும் தலத்தாரின் நினைவும் ஒன்றல்ல என்பதற்கு இப்பெயரே போதிய சான்று.

புராணப் புலவருக்கு இக்கதை மருதூரோடு முடியவில்லை. விடுதலை பெற்ற வரகுணன் மதுரை மீண்டு சிவலோகக் காட்சி பெறுவதே படலத்தின் உச்சி. மருதூர் அவருக்கு இடைவழி. தலத்து வழக்கமோ அவ்விடைவழியிலேயே நின்றுவிட்டது. அரசன் போன வழியை அது போற்றுகின்றது. அதனோடு அவன் விட்டுச் சென்றதனையும் மறவாது வைத்திருக்கின்றது. குற்றம் யாதும் செய்யாத உழவனும் வணிகனும் குழந்தையும் அவ்வாயிலில் தம் வழியை மாற்றிக்கொள்கின்றனர். ஒருவன் மன்னிக்கப்பட்டான் என்பதனால் நிகழ்ந்தது நிகழாததாகிவிடாது என்னும் உண்மையை அவர்கள் கால்களால் நாள்தோறும் கூறுகின்றனர் எனலாம்.

ஆதலின் வரகுணன் கதையை நூலளவில் மட்டும் வைத்து மதிப்பிடுதல் குறையுடைத்து. நூல் அருளைக் கூறுகின்றது. வாயில் பழியை நினைவூட்டுகின்றது. இரண்டும் சேர்ந்தவழியே கதை நிறைவு பெறுகின்றது. ஈசுக்கிலசு மன்றத்தையும் தெய்வத்தையும் ஒரே மேடையில் நிறுத்தி அடைந்த நிறைவைத் தமிழ் மரபு ஏட்டிற்கும் கோயிலுக்குமாகப் பங்கிட்டு அடைந்துள்ளது. தலபுராணங்களை ஆராய்வோர் ஏட்டோடு நில்லாமல், அத்தலத்து வாயில்களையும், அவற்றின் வழியே மக்கள் புகுந்து போகும் முறையையும் ஒருங்கு நோக்குவாராயின், இத்தகைய பல செய்திகள் வெளிப்படும் என்பது எம் துணிபு.